மடித்து வைத்த கோட்டை

கர்னல் என்று ஊரே கூப்பிடும் அந்த மனிதர் ராணுவத்தில் வேலை பார்த்தது உண்மைதான். பூட்ஸ் கிடங்கில் பார்த்தார். இடது காலையும் வலது காலையும் ஜோடி சேர்த்துப் பெட்டியில் போட்டு அனுப்பிக்கொண்டே பணிக்காலத்தைக் கழித்துவிட்டு, ஒரு வேட்டுச் சத்தம்கூடக் காதில் விழாமல் ஓய்வு பெற்றார். கர்னல் பட்டத்தைக் கொடுத்தது அரசாங்கம் அல்ல, முடிதிருத்தும் கடைக்காரர். "இது சாதா மீசை இல்லீங்க, கர்னல் மீசை" என்று கத்தரியை நிறுத்திவிட்டு அவர் சொன்ன நாளிலிருந்து அது ஒட்டிக்கொண்டது. ஒட்டியதைப் பிய்த்தெடுக்கும் கெட்ட பழக்கம் கர்னலுக்கு இல்லை.

மீசைக்கு மூலம் அருங்காட்சியகத்தின் இரண்டாம் கூடத்தில் இருந்தது. சுவரை அடைத்துக்கொண்டு தொங்கிய பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியம். ஒரு கோட்டை முற்றுகை. கீழே கும்பலாகச் சிப்பாய்கள், பீரங்கிகள், புகை. நடுவில் வெள்ளைக் குதிரைமேல் தளபதி. கையில் நீட்டிய வாள், மூக்கின் கீழ் மேற்படி மீசை. வலப்பக்கம் கோட்டைச் சுவரில் சாத்திய நீண்ட ஏணி. அதன் கடைசிப் படியில் ஒரு சிப்பாய் கையை உயரத் தூக்கிக்கொண்டு நிற்பான். அவன் விரல்நுனி பொன்பூச்சுச் சட்டத்தின் விளிம்பைத் தொடுகிற மாதிரி இருக்கும். அந்த விளிம்புதான் கோட்டையின் உச்சி என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். கீழே பித்தளைத் தகட்டில் 'வெற்றி நாள்' என்று பொறித்திருந்தது.

தளபதி தன்னுடைய கொள்ளுத்தாத்தா என்பது கர்னலின் கட்சி. என்ன ஆதாரம் என்று கேட்டால் மீசையைத் தடவிக் காட்டுவார். மீசை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் கொள்ளுத்தாத்தாவைக் காட்டுவார். அருங்காட்சியகக் குழுவின் தலைவரான பிறகு கேட்பதற்கும் ஆள் இல்லாமல் போயிற்று. ஆண்டுவிழா தோறும் ஓவியத்தின் முன் நின்று, குடையை வாளாக நீட்டி, "இந்த நொடியிலேதான் அவர் முழங்கினார், 'ஏறுங்கள்!' என்று" என்பார். கூட்டம் கைதட்டும். கைதட்டினால்தான் தேநீர் வரும் என்பது கூட்டத்துக்குத் தெரியும்.

கர்னலின் மருமகளும் அதே அருங்காட்சியகத்தில்தான் வேலை பார்த்தாள். மாமனார் தலைவராவதற்கு முன்பே சேர்ந்தவள். இதைச் சந்தித்த ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்துவிட்டது. காட்சிப் பொருள்களுக்கு விளக்கம் எழுதிச் சுவரில் ஒட்டுவது, வருகிறவர்களை அழைத்துக்கொண்டு போய்ச் சொல்வது அவள் வேலை. முன்பு பள்ளிக்கூடத்தில் இருந்தவள் என்பதால் அங்கே எல்லோருக்கும் டீச்சர். அவள் கணவன் கண்ணாடிக் கடை வைத்திருந்தான். ஊரில் பாதிப் பேருக்குப் பார்வையைச் சரிசெய்து கொடுத்தவன், தன் வீட்டுச் சண்டை ஒன்றைக்கூட இதுவரை பார்த்ததில்லை.

அந்த வருஷம் இரண்டாம் கூடத்தின் கூரை ஒழுகியது. தண்ணீர் சுவர் வழியாக இறங்கி ஓவியத்தின் ஒரு மூலையைத் தொட்டுவிட்டது. கொள்ளுத்தாத்தாவுக்குச் சளி பிடித்துவிடும் என்கிற பதற்றத்தில் கர்னல் வெளியூரிலிருந்து ஓவியம் பழுதுபார்ப்பவர் ஒருவரை வரவழைத்தார். குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, மருந்தில் தோய்த்து, கட்டைவிரல் அகலம் கட்டைவிரல் அகலமாக அழுக்கெடுக்கும் மனிதர். வந்த வாரமே அவர் பெயர் பஞ்சு ஆகிவிட்டது. பின்கட்டில் இருந்த பெரிய அறையை அவருக்கு ஒழித்துக் கொடுத்தார்கள்.

புது விளக்கம் எழுத வேண்டியிருந்ததால் டீச்சர் தினமும் அங்கே போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு காலை பஞ்சு வாசலிலேயே நின்றிருந்தார்.

"டீச்சர், கொஞ்சம் உள்ளே வாங்க. இதைப் பாருங்க."

"என்ன ஆச்சு?"

"வெளிச்சட்டத்தைக் கழட்டினேன். மேல்பக்கம் கித்தான் துணி முடியல. பின்னால போகுது."

"பின்னாலன்னா?"

"ரெண்டு மடிப்பா மடிச்சு, பின்பக்கம் ஆணி அடிச்சிருக்காங்க. ஒரு முழம் இருக்கும்."

"நல்ல படத்தை எதுக்குய்யா மடிக்கணும்?"

பஞ்சு இரண்டாம் கூடம் இருக்கும் திசையைப் பார்த்தார். "கூடம் குட்டை. படம் நெட்டை. கூரையை உசத்தறதைவிட இது சுலபம்னு நெனச்சிருப்பாங்க. சட்டம் போட்டு மூடிட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

யாருக்கும் தெரியவில்லை. மடித்தவர்கள் செத்துப்போனார்கள், அவர்களுக்குப் பிறகு வந்தவர்களும் செத்துப்போனார்கள். தகட்டில் 'வெற்றி நாள்' என்று பொறித்தவருக்கு முன்னால் இருந்தது மடித்த படம்தான்.

ஆணிகளைப் பிடுங்கி, மடிப்புக்கு மெல்லிய ஈரம் காட்டி, பாரம் வைத்து, பொறுமையாகப் பஞ்சு அதை நிமிர்த்தினார். அதற்குச் சில நாள் பிடித்தது. முழுதாக நிமிர்ந்த அன்று இருவரும் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார்கள்.

கோட்டைச் சுவர் ஏணியோடு நிற்கவில்லை. ஏணிக்கு மேலும் ஏறிக்கொண்டு போயிற்று. அதற்கும் மேலே, இதுவரை அந்தப் படத்தில் இல்லாத வானம். வானத்துக்குக் கீழே சுவரின் உச்சியில் வரிசையாக மனித முகங்கள்.

"ஏணி எட்டல" என்றாள் டீச்சர்.

"எட்டலைங்க."

"இவன் கையைத் தூக்கினது ஜெயிச்சதுக்கு இல்லை. பிடிக்க இடம் தேடுறான்."

"பாவம். இறங்கவும் முடியாது. பின்னாலயே ஆள் ஏறிக்கிட்டு இருக்கு."

டீச்சர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். இத்தனை காலமாக இந்தப் படத்தைப் பற்றிப் பேசியே சம்பளம் வாங்கியிருக்கிறாள், பார்ப்பது இப்போதுதான். அழுக்குப் போன பிறகு தளபதியின் வாள் எங்கே நீட்டியிருக்கிறது என்பது துல்லியமாகத் தெரிந்தது. கோட்டையை நோக்கி அல்ல, ஏணியை நோக்கி. தலையோ பின்பக்கம் திரும்பியிருந்தது, மரப்பலகைகளும் கயிறும் வைத்துக்கொண்டு நின்ற ஆட்களின் பக்கம். வாய் திறந்திருந்தது. 'ஏறுங்கள்' என்று முழங்குகிறவன் ஏற வேண்டியவர்களைப் பார்க்க வேண்டாமா? இது முழக்கம் இல்லை. யார் இதை அளந்தது என்று கேட்கிற வாய். பலகைக்காரர்களில் ஒருவன் குனிந்து, அவிழாத கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

இன்னொன்றும் தெரிந்தது. கீழே இருந்த சிப்பாய்களுக்கு முகமே இல்லை. ஒரே மூக்கு, ஒரே மீசை. ஒருவனை வரைந்துவிட்டு மற்றவர்களை அச்சடித்த மாதிரி. தளபதியும் அதே அச்சுதான், குதிரை மட்டும் கூடுதல். மேலே இருந்தவர்கள் அப்படி இல்லை. முன்பல் விழுந்த ஒருவர். பல்வலிக்காரர் போல, வீங்கிய கன்னத்தைத் துணியால் கட்டியிருந்த இன்னொருவர். முற்றுகை நடக்கும்போதே ஒரு கிழவர் தூணில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். தலையில் துணி சுற்றிய ஓர் அம்மாள் இரண்டு முழங்கைகளையும் சுவரில் ஊன்றி, பக்கத்து வீட்டுச் சண்டையை வேடிக்கை பார்ப்பதுபோல் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கன்னத்தில் ஒரு மச்சம்கூட இருந்தது. மச்சத்தை யாரும் சும்மா வரைய மாட்டார்கள். ஓவியருக்கு இவர்களைத் தெரியும். இவர்களோடு உட்கார்ந்திருக்கிறார், பேசியிருக்கிறார், ஒவ்வொருவரையும் எதிரில் வைத்து வரைந்திருக்கிறார். படமே இவர்களுடையது. கீழே நடப்பதெல்லாம் இவர்கள் பார்த்த வேடிக்கை.

இவர்களைத்தான் மடித்து இருட்டில் வைத்திருந்தார்கள்.

"இதை மறுபடி மடிச்சா என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

"போயிடும். ரெண்டாவது மடிப்பு சரியா இவங்க கழுத்து, கன்னம் வழியாத்தான் போகுது. பெயின்ட் இப்பவே ஒப்புக்கு ஒட்டிக்கிட்டு இருக்கு. இன்னொரு தரம் மடிச்சா உதிர்ந்து கீழ விழும், பெருக்கி அள்ள வேண்டியதுதான்."

"அப்போ மடிக்கக் கூடாது."

"நீங்க சொல்லிட்டீங்க. சொல்ல வேண்டியவங்க சொல்லணுமே" என்றார் பஞ்சு.

சொல்ல வேண்டியவர்களில் முதலாமவர் அருங்காட்சியக இயக்குநர். கடைசியாகப் பேசியவர் சொன்னதே சரி என்பது அவருடைய நிர்வாகக் கொள்கை. ஆகவே முக்கியமான விஷயங்களில் கர்னல் கடைசியாகப் பேசுவது வழக்கம். டீச்சர் காட்டியபோது இயக்குநர் கண் கலங்காத குறை. "மகத்தான கண்டுபிடிப்பு, டீச்சர்! நாமதான் முதல்ல பார்த்திருக்கோம்!" என்று கையைப் பிசைந்தார். பிறகு தொலைபேசி அடித்தது. எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனவர் திரும்பி வரும்போது வேறு மனிதராக வந்தார்.

"நான் நல்லா யோசிச்சுப் பார்த்தேன் டீச்சர்."

"எப்போ சார்?"

"இப்பத்தான். நம்ம மக்களுக்குப் பழகின படம் அது. திடீர்னு வானம், ஆளுங்கன்னு காட்டினா குழம்பிடுவாங்க. பழையபடி மடிச்சு மாட்டிடலாம். போன தலைமுறை மடிச்சதும் ஒரு வரலாறுதானே?"

"மடிச்சா முகம் உதிர்ந்துடும் சார்."

"பின்பக்கம்தானே உதிரும்?" என்றார் இயக்குநர், மிகுந்த ஆறுதலோடு. பிறகு குரலைத் தாழ்த்தி, அவள் வேலை ஒப்பந்தம் அடுத்த குழுக் கூட்டத்தில்தான் புதுப்பிக்கப்பட இருக்கிறது என்பதைச் சும்மா தகவலுக்காகச் சொன்னார்.

இரவுச் சாப்பாட்டு மேஜைக்கு மேலே அதே ஓவியத்தின் நிழற்படம் ஒன்று கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது; மடித்த பதிப்பு. கர்னல் அதன் கீழேயே உட்கார்ந்திருந்தார். டீச்சர் கரண்டியை எடுத்ததும் ஆரம்பித்தார்.

"ஏம்மா, எங்க கொள்ளுத்தாத்தாவைத் தோக்கடிச்சிட்டு வந்து எனக்கே சாப்பாடு பரிமாறுறியா?"

"நான் எங்க மாமா தோக்கடிச்சேன்? ஏணி தோக்கடிச்சுது."

"தோத்ததை எவனாவது காசு கொடுத்து வரையச் சொல்லுவானா? கொஞ்சமாவது யோசிக்க வேண்டாமா?"

"தோத்தவங்க சொல்ல மாட்டாங்க. ஜெயிச்சவங்க சொல்லுவாங்க. சுவர்மேல நின்னவங்க."

கர்னலின் மனைவியான அத்தை குழம்புப் பாத்திரத்தை நகர்த்திக்கொண்டே கேட்டாள்: "அப்போ நம்ம ஆளு அந்தப் படத்துல விருந்தாளியா?"

"நீ சும்மா இரு."

"சும்மாதாங்க இருக்கேன். அவரும் குதிரைமேல சும்மாதானே இருந்திருக்காரு."

கணவன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான். தட்டில் அவ்வளவு பார்க்க ஒன்றும் இல்லை.

கர்னல் தம்ளரை வைத்த சத்தத்தில் மேஜை அதிர்ந்தது. "வெள்ளிக்கிழமை குழு கூடுது. மடிக்கணும்னு தீர்மானம் போடப் போறேன். வீட்டுப் பொண்ணுன்னு பார்க்க மாட்டேன், சொல்லிட்டேன்."

"பார்க்க வேண்டாம் மாமா. படத்தை மட்டும் பாருங்க. இன்னும் நீங்க முழுசா பார்க்கவே இல்லையே."

"பார்க்காமலே எனக்குத் தெரியும்."

பாத்திரம் கழுவும்போது அத்தை பக்கத்தில் வந்து நின்றாள். "இவ்வளவு படிச்சிருக்கே, ஒரு சின்ன விஷயம் தெரியலியேடி. சுவர்மேல நிக்கிறதுல யாராவது ஒருத்தரைக் காட்டி, 'இந்தக் காது அப்படியே உங்க காது மாமா, இவருதான் உங்க நிஜமான கொள்ளுத்தாத்தா'ன்னு சொல்லு. குதிரையை விட்டு இறங்கி ஓடி வந்து கோட்டைமேல ஏறிக்குவாரு. மீசையைக்கூட எடுத்துடுவாரு."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. நடக்கும் என்பதும் தெரிந்தது. கன்னத்தில் துணி கட்டிய ஆளுக்குக் காது கொஞ்சம் அப்படித்தான் விடைத்திருந்தது. ஒரு வாக்கியம் போதும். படம் தப்பிக்கும், ஒப்பந்தம் தப்பிக்கும், சாப்பாட்டு மேஜையும் தப்பிக்கும்.

"வேண்டாம் அத்தை. அந்தக் காதுக்கு ஒரு சொந்தக்காரர் இருந்திருக்காரு. அவரை எடுத்து இவருக்குக் கொடுக்க நான் யாரு? அப்புறம் அடுத்த தலைவர் வந்து வேற மூக்கைக் கேட்பாரு."

"பெரிய அரிச்சந்திரன் வீட்டுப் பொண்ணு! பின்ன என்ன பண்ணப் போறே?"

"மாட்டப் போறேன். முழுசா."

"எங்க மாட்டுவே? கூரை இடிக்குதுன்னுதானே மடிச்சாங்க?"

"இடிக்காத ரூம் ஒண்ணு இருக்கு."

அருங்காட்சியகத்திலேயே உயரமான கூரை குழுவின் கூட்ட அறைக்குத்தான். கட்டியவர்கள் பொருள்களுக்குக் குட்டைக் கூடத்தையும் தங்களுக்கு நெட்டை அறையையும் ஒதுக்கிக்கொண்டவர்கள். அங்கே கிழக்குச் சுவரில் முந்தைய தலைவர்களின் படங்கள் வரிசையாகத் தொங்கின. கடைசியில் ஓர் ஆணி மட்டும் வெறுமனே காத்திருந்தது. பதவி ஏற்ற மறுநாளே கர்னல் அடிக்கச் சொன்னது.

மறுநாள் டீச்சர் பஞ்சுவிடம் போனாள். "முழு உயரத்துக்குப் புது உள்சட்டம் போட்டு இழுத்துக் கட்டிடுங்க."

"யாரு சொன்னாங்கன்னு கேப்பாங்களே."

"நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"வேலை போயிடும் டீச்சர்."

"போனா இன்னொரு பள்ளிக்கூடம் பார்த்துக்கறேன். இவங்க போனா எங்க போய்ப் பார்க்கிறது?"

பஞ்சு சுத்தியலை எடுத்தார். சட்டம் அடித்து, கித்தானை இழுத்துக் கட்டினார். மடிப்புக் கோட்டில் மட்டும் இன்னும் பசை வைத்து முடியவில்லை, யாரும் தொடக் கூடாது என்று எச்சரித்தார். அப்படி நிமிர்ந்து நின்ற ஓவியம் இரண்டாம் கூடத்தின் வாசலிலேயே நுழையாது என்பது அளக்காமலே தெரிந்தது. ஆனாலும் டீச்சர் அளந்து பார்த்தாள். அளக்காமல் விடுவதால் என்ன ஆகும் என்று அந்தப் படமே சொல்லிக்கொண்டிருந்ததே.

பிறகு இயக்குநரிடம் போனாள். குழு தீர்மானம் போடும் முன் படத்தைப் பார்க்க வேண்டாமா, முழுசாக நிற்கும் இடம் கூட்ட அறை ஒன்றுதானே, பார்வைக்காக அங்கே வைக்கலாமா என்று கேட்டாள். அன்று கர்னல் மீசையை ஒழுங்குபடுத்தப் போயிருந்தார். ஆகவே கடைசியாகப் பேசியவள் டீச்சர். இயக்குநர் சரி என்றுவிட்டார். ஆட்கள் வந்து முந்தைய தலைவர்களை ஒவ்வொருவராக இறக்கி மூலையில் சுவரைப் பார்த்தபடி சாத்தினார்கள். கிழக்குச் சுவர் முழுவதும் கோட்டை ஏறியது.

வெள்ளிக்கிழமை குழு வந்து நாற்காலிகளில் உட்கார்ந்தது. உட்கார்ந்த பிறகுதான் சங்கடம் புரிந்தது. மேஜை ஓவியத்தின் நேர் கீழே இருந்தது. ஓவியத்தில் சுவர்மேல் இருந்தவர்கள் எல்லோரும் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் எந்த நாற்காலிக்கு மாறினாலும், பல் விழுந்தவர் அவரைப் பார்த்தே சிரித்தார்.

"இவங்க நம்மளைத்தானே பார்க்கிறாங்க?" என்றார் மரக்கடை முதலாளி. குழுவில் கர்னலுக்கு அடுத்த பெரிய மனிதர் அவர்.

"படம்தானே சார்" என்றார் இயக்குநர், நிமிர்ந்து பார்க்காமல்.

கர்னல் தொண்டையைச் செருமினார். "யார் அனுமதியோட இதை இங்க கொண்டு வந்தீங்கன்னு அப்புறம் பேசிக்கலாம். தீர்மானம் ஒண்ணுதான். படம் பழைய அளவுக்கே மடிக்கப்பட்டு, பழைய இடத்துல, பழைய தகட்டோட மாட்டப்படணும். வெற்றியை எடுத்துட்டு ஒரு குட்டை ஏணியை மக்களுக்குக் காட்டணுமா?"

"ஏணியைக் குத்தம் சொல்லாதீங்க" என்றார் மரக்கடைக்காரர் சட்டென்று. "நல்ல ஏணி அது. கட்டை நேரா இருக்கு, படி ஒழுங்கா இருக்கு. சுவரைத்தான் அளவுக்கு மீறி உசரமா கட்டிட்டாங்க."

தீர்மானத்தை எல்லோரும் ஆதரித்தார்கள். கைகள் உயர்ந்தன. இயக்குநரின் கை மற்ற எல்லாக் கைகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு உயர்ந்தது.

டீச்சர் ஓவியத்தின் பக்கத்தில் நின்றிருந்தாள். "சரி, மடிச்சிடலாம்" என்றாள். "ஆனா பஞ்சு மடிக்க மாட்டார், சொல்லிட்டார். நானும் மாட்டேன். ரெண்டாவது மடிப்பு இந்தக் கோட்டுல விழணும், இதோ, இந்த அம்மா கன்னத்துல. கை தூக்கினவங்கள்ல யாராவது ஒருத்தர் வந்து அழுத்துங்க. உதிர்றதை நான் கீழ நின்னு முறத்துல பிடிச்சுக்கறேன்."

கர்னல் மரக்கடைக்காரரைப் பார்த்தார். மரக்கடைக்காரர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநருக்கு அப்போது பார்த்துத் தொலைபேசி அடிக்கவில்லை. அவர் அதை ஏக்கத்தோடு பார்த்தார்.

"இதுக்கு ஒரு ஆள் கூப்பிட்டா..." என்று யாரோ ஆரம்பித்தார்கள்.

"ஆள் வேண்டாம்" என்றாள் டீச்சர். "வேணும்னு சொன்னவங்க கையாலயே ஆகட்டும். யாரு செஞ்சதுன்னு இந்தத் தடவையாவது தெரிஞ்சிருக்கட்டும். விளக்கத்துல அவங்க பேரைப் போடறேன். 'இன்னார் மடித்தார்'னு."

"என்னம்மா பயம் காட்டுறியா?" கர்னல் எழுந்தார். "ஒரு துணியை மடிக்கத் தெரியாதா எனக்கு? எத்தனை ஆயிரம் பெட்டி கட்டின கை இது!"

செருப்பைக் கழற்றினார். நாற்காலியில் ஏறி, நாற்காலியிலிருந்து மேஜையில் ஏறினார். குழுத் தலைவர் குழு மேஜையின்மேல் வெறுங்காலோடு நின்றதை அந்த அறை அதுவரை கண்டதில்லை. நிமிர்ந்தபோது அவர் முகமும் தலையில் துணி சுற்றிய அம்மாளின் முகமும் ஒரே மட்டத்துக்கு வந்தன.

"மாமா, தொட்டா வந்துடும். நிஜமாவே சொல்றேன்."

"வரட்டும்."

ஆள்காட்டி விரலை மடிப்புக் கோட்டில் வைத்து ஓர் அங்குலம் இழுத்தார். அழுத்தக்கூட இல்லை. கையை எடுத்தபோது விரல்நுனியில் ஒரு சின்னச் செதில் ஒட்டியிருந்தது. அம்மாளின் கன்னத்தில் மச்சம் இருந்த இடத்தில் வெறும் கித்தான் தெரிந்தது.

கர்னல் விரலைப் பார்த்தார். கன்னத்தைப் பார்த்தார். மறுபடி விரலைப் பார்த்தார். அவர் கொண்டு வந்த தீர்மானப்படி செய்ய வேண்டியது ஒன்றுதான். விரலை உதறிவிட்டு அடுத்த அங்குலத்துக்குப் போக வேண்டும். அவர் உதறவில்லை. மூச்சுப் பட்டால் பறந்துவிடுமோ என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டார். மீசை மட்டும் துடித்தது.

"அசையாதீங்க" என்று வாசலில் நின்ற பஞ்சு ஓடிவந்தார். "விரலை அப்படியே வைங்க. பசை எடுத்துட்டு வரேன். கையை இறக்கிடாதீங்க."

பசையைச் சூடுபடுத்திப் பதம் பார்க்க நேரமாயிற்று. அதுவரை கர்னல் மேஜையின்மேல் ஒற்றை விரலைத் தூக்கிக்கொண்டு நின்றார். கை கடுத்தபோது இடது கையால் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்தார். மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். மரக்கடைக்காரர் தும்ம வந்தபோது, "வெளிய போய்த் தும்முய்யா!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சீறினார். அந்த நேரத்தில் அவருக்குப் பார்ப்பதற்கு எதிரில் இருந்த முகங்களைத் தவிர வேறு எதுவும் இல்லை. பல் விழுந்தவரைப் பார்த்தார். தூங்குகிற கிழவரைப் பார்த்தார்.

"ஏம்மா" என்றார் உதட்டை அசைக்காமல். "இந்தப் பெரியவர் செத்துட்டாரா, தூங்குறாரா?"

"தூங்குறாரு மாமா. வாய் திறந்திருக்கு பாருங்க, எச்சில்கூட வரைஞ்சிருக்கார்."

"ஆமா. இருக்கு." கொஞ்ச நேரம் கழித்து, "சண்டை நடக்கும்போது தூங்கியிருக்கான், பாரேன்" என்றார். பூட்ஸ் கிடங்கில் பணிக்காலம் முழுவதையும் கழித்தவருக்கு அதில் ஏதோ பிடிபட்டது போலிருந்தது.

பஞ்சு மேஜையில் ஏறி, ஈரத் தூரிகை நுனியால் செதிலை எடுத்து, கன்னத்தில் வைத்து, பஞ்சால் ஒற்றினார். மச்சம் இருந்த இடத்துக்கு வந்தது. கோடு ஒன்று மெலிதாகத் தெரிந்தது. தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும் கோடு.

கர்னல் நாற்காலி வழியாக இறங்கினார். செருப்பை மாட்டிக்கொண்டு, கால் பொருந்தியதா என்று ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

"இந்த ரூம்ல கூரை ஒழுகுமா?"

"ஒழுகாது சார்" என்றார் இயக்குநர். "இது குழுவோட ரூம்."

"இனிமே இல்லை. நாமதான் வேற இடம் பார்த்துக்கணும்."

"அப்போ தீர்மானம் சார்? எல்லாரும் கை தூக்கிட்டோமே?"

"நான்தான் மேல ஏறிப் பார்த்தேன், நீங்க யாரும் ஏறலையே?" என்று கர்னல் அதட்டினார். "இறக்குங்கய்யா கையை."

குழு அன்று முதல் இரண்டாம் கூடத்தில் கூடியது. அங்கே குட்டைக் கூரைக்குக் கீழே எல்லோரும் கொஞ்சம் பெரியவர்களாகத் தெரிந்தார்கள் என்பதால் யாருக்கும் வருத்தமில்லை.

இதனால் கர்னல் திருந்திவிட்டார் என்று நினைத்தால் தப்பு. புது விளக்கம் எழுதிய தாளை டீச்சர் சுவரில் ஒட்டக் கொண்டு வந்த காலையில், கண்ணாடியை மாட்டிக்கொண்டு அங்கே முதலில் வந்து நின்றவர் அவர்தான். படித்தார். மறுபடி படித்தார்.

"சுவர்மேல இருக்கறவங்களைப் பத்தியே எழுதியிருக்கே. குதிரைல இருக்கறவர் கடைசி வரியிலயா?"

"கீழதானே மாமா நிக்கிறாரு."

"அதுவும், 'இவர் யார் என்று தெரியவில்லை'யாம்! எங்க குடும்பம் இவ்வளவு காலமா சொல்லிக்கிட்டு வர்றோம், அதுக்கு ஒரு மரியாதை இல்லியா? 'குழுத் தலைவரின் கொள்ளுத்தாத்தா எனக் கருதப்படுகிறார்'னு போட்டா உன் கை தேஞ்சுடுமா?"

"போட மாட்டேன்."

"'என்றும் சிலர் சொல்வர்'?"

"அந்தச் சிலர் நீங்க ஒருத்தர்தான் மாமா."

"உங்க அத்தையும் சொல்லுவா."

"கேட்டேன். அந்தக் குதிரை வேணும்னா உங்க சொந்தமா இருக்கலாம்னாங்க."

கர்னல் மீசையை ஒருபக்கமாக இழுத்து விட்டுக்கொண்டார். அண்ணாந்து ஓவியத்தின் உச்சியைப் பார்த்தார். அம்மாளின் கன்னத்தில் கோடு பிரிந்திருக்கிறதா என்று பார்த்துத் திருப்தியானார். பிறகு குரலை இறக்கிக்கொண்டு வந்தார்.

"சரி, விடு. தெரியவில்லைன்னே இருக்கட்டும். ஆனா இப்படி மொட்டையா போடாதேம்மா. 'இன்னும் தெரியவில்லை'ன்னு போடு. அந்த ஒரு சொல்லாவது மனுஷனுக்கு வேணும்."

டீச்சர் யோசித்தாள். பொய் இல்லை. இன்னும் தெரியவில்லைதான். பேனாவை எடுத்து, சுவரில் தாளை வைத்து, கடைசி வரியில் இடம் பண்ணி எழுதினாள். கர்னல் பக்கத்திலேயே நின்று, அந்தச் சொல் கொஞ்சம் பெரிய எழுத்தில் வரலாமே என்று கேட்டுப் பார்த்தார்.

"மற்றதெல்லாம் என்ன அளவோ அதே அளவுதான் மாமா" என்று சொல்லிவிட்டு அவள் தாளை ஒட்டினாள்.